பொன்னாவின் காடு யாருக்கு? மாதொருபாகனும் தத்துச் சட்டமும்

போன தைப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய பத்திரங்களைத் திண்ணையில் பரப்பி வைத்திருந்தார். பெட்டிக்குள் கரையான் ஏறிவிட்டதாம். ஒவ்வொன்றாகத் தட்டி அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது பெரியப்பா காட்டின் பட்டா கைக்கு வந்தது. இப்போது அது அப்பா, சித்தப்பா, அத்தை மூன்று பேர் பெயரில் இருக்கிறது. அந்த வாரம்தான் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். பட்டாவும் நாவலும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகின்றன என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை, இலக்கிய விமர்சகனும் இல்லை. பி.இ. முடித்து இருபது வருஷமாக சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். சட்டத்தையும் புரோகிராம் படிக்கிற மாதிரிதான் படிக்கத் தெரியும். இந்த நிபந்தனை பொருந்தினால் எங்கே போகும், பொருந்தாவிட்டால் எங்கே போகும், யாரும் எதுவும் சொல்லாமல் விட்டால் தானாக எங்கே போய் நிற்கும். இந்த மூன்றாவது கேள்விதான் முக்கியம். நம் ஊரில் பெரும்பாலான சொத்து, யாரும் எதுவும் சொல்லாமல் விட்டபடியால்தான் கை மாறுகிறது.

நாவலைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. 2010-ல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. சுதந்திரத்துக்கு முந்தைய திருச்செங்கோட்டுப் பக்கம். காளி ஒற்றைப் பிள்ளை, அம்மா சீராயி விதவை. காளிக்கும் பொன்னாவுக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. செய்யாத வேண்டுதல் இல்லை, மலையில் வறடிக்கல்லைக் கூடச் சுற்றியாகிவிட்டது. காளி இன்னொரு கல்யாணம் செய்ய மறுக்கிறான். கடைசியில் அர்த்தநாரீசுவரர் தேர்த் திருவிழாவின் பதினாலாம் நாள் இரவுக்குப் பொன்னாவை அனுப்பி வைக்கிறார்கள். அந்த இரவில் முகம் தெரியாத ஒருவனிடம் பெறுகிற பிள்ளை ‘சாமி கொடுத்த பிள்ளை’. காளி சம்மதித்துவிட்டான் என்று அவள் அண்ணன் முத்து சொன்ன பொய்யை நம்பித்தான் அவள் போகிறாள்.

2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் இந்த நாவலுக்கு எதிராகக் கிளம்பிய போராட்டமும், 2015 ஜனவரியில் நாமக்கல் கலெக்டர் ஆபீசில் நடந்த பேச்சுவார்த்தையும், எழுதுவதையே நிறுத்துவதாக ஆசிரியர் அறிவித்ததும், 2016 ஜூலை 5-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அமர்வு ஆசிரியர் பக்கம் தீர்ப்பளித்ததும் எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒரு வழக்கம் இருந்ததா இல்லையா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. நாவலுக்குள் இருக்கிறது, எனக்கு அது போதும்.

என் வருத்தம் வேறு. எதிர்த்தவர்கள் மானம், கோயில், பெண்ணின் கற்பு என்று பேசினார்கள். ஆதரித்தவர்கள் கருத்துச் சுதந்திரம் என்று பேசினார்கள், பேச வேண்டியதுதான். அந்தச் சத்தத்தில் காட்டைப் பற்றிப் பேச ஆள் இல்லாமல் போய்விட்டது. நாவலில் பொன்னாவைக் குத்துகிற பேச்சைக் கவனியுங்கள். விதைப்புக்குக் கை வைக்காதே, விசேஷத்தில் முன்னால் நிற்காதே என்பது ஒரு வகை. இத்தனை சொத்தும் யார் வாயில் விழப் போகிறது என்பது இன்னொரு வகை. முதல் வகை அவள் மனசை உடைக்கிறது. அவளைப் பதினாலாம் நாளுக்குத் தள்ளுவதில் பெரும் பங்கு இரண்டாவது வகைக்கு.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். வாரிசு வேண்டுமென்றால் தத்து எடுத்திருக்கலாமே? தத்து என்பது இந்து சட்டத்துக்குப் புதுசா என்ன? பிள்ளையில்லாதவனுக்குக் கொள்ளி வைக்கவும் சொத்தை ஆளவும் ஒரு மகனைக் கொடுப்பதற்குத்தானே அந்த ஏற்பாடே இருந்தது? நாவலின் மையத்துக்கு அந்த வழி வருவதே இல்லை. இதை ஆசிரியரின் குறையாக முதலில் நினைத்தேன். பழைய சட்டத்தைத் தேடிப் படித்த பிறகு அபிப்பிராயம் மாறிவிட்டது.

பொன்னா, வெர்ஷன் 1

1956-க்கு முன்னால் பொன்னாவின் நிலைமை இது. தத்து எடுக்கிற உரிமை காளிக்கு மட்டும்தான். அவளுக்கு இல்லை. அவள் சம்மதத்தைக்கூட அவன் கேட்க வேண்டியதில்லை. எடுத்தால் பையனைத்தான் எடுக்க முடியும், பெண் குழந்தையைத் தத்தெடுக்கச் சட்டத்தில் இடமில்லை. கொடுக்கப் பெற்றவர்கள் உயிரோடு இருக்க வேண்டும், எனவே அப்பா அம்மா இல்லாத பிள்ளையை எடுக்கவும் வழியில்லை. ஆக, வயிற்றில் பிறந்த பையனைச் சொந்தத்தில் யாராவது தாரை வார்த்துக் கொடுத்தால்தான் உண்டு.

காளி செத்துப்போனால்? காட்டில் பொன்னாவுக்கு ஆயுட்கால உரிமை மட்டும். உழுது சாப்பிடலாம், சட்டம் ஒப்புக்கொள்கிற அவசியம் இல்லாமல் விற்க முடியாது. அவளுக்கும் சீராயிக்கும் பிறகு அது பங்காளிகளுக்குப் போகும். சரி, விதவையான பிறகு அவளே தத்தெடுக்கலாமா? சென்னை மாகாணத்தில் எடுக்கலாம். 1868-ல் ராமநாதபுரம் ஜமீன் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் அப்படிச் சொன்னது. புருஷன் அனுமதி கொடுக்காமல் செத்திருந்தால், புருஷனுடைய சபிண்டர்கள் சம்மதத்தோடு விதவை தத்தெடுக்கலாம். சபிண்டர்கள் என்றால் யார்? நம் பாஷையில் பங்காளிகள். அதாவது, அவள் தத்தெடுக்காவிட்டால் எந்தக் காடு யாருக்குப் போய்ச் சேருமோ, அவர்களிடமே போய் “மாமா, தத்தெடுத்துக்கட்டுங்களா?” என்று கேட்க வேண்டும். சொத்தாசையால் மறுத்தால் அந்த மறுப்பு செல்லாது என்று பின்னால் நீதிமன்றங்கள் சொன்னது உண்மைதான். ஆசை சொத்து மேல்தான் என்று கோர்ட்டில் நிரூபிக்கிற வேலை அவளுடையது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. அதே காலத்தில் இன்னொரு சட்டமும் இருந்தது. 1872-ம் வருஷத்து சாட்சியச் சட்டம், 112-வது பிரிவு. செல்லுபடியான கல்யாணம் நீடிக்கும்போது மனைவிக்குப் பிறந்த பிள்ளை கணவனுடைய பிள்ளைதான், அதுவே முடிவான சான்று. முடிவான சான்று என்றால், அதற்கு எதிராகச் சாட்சி கொண்டுவரவே கோர்ட் விடாது. தப்பிக்க ஒரே ஓட்டை, கரு உண்டான சமயத்தில் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் நெருங்க வாய்ப்பே இல்லாமல் இருந்தார்கள் என்று காட்டுவது. ஒரே வீட்டில் இருக்கிற காளி, பொன்னா விஷயத்தில் அதை எவன் காட்ட முடியும்? கணவன் இறந்து 280 நாளுக்குள் பிறந்தாலும், அவள் மறுமணம் செய்யாமல் இருந்தால், இதே விதிதான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தத்துப் பிள்ளை என்றால் யார் கொடுத்தது, யார் வாங்கியது, யார் பார்த்தது, அனுமதி இருந்ததா என்று ஒவ்வொரு படியிலும் பங்காளி கேள்வி கேட்கலாம். பதினாலாம் நாள் பிள்ளை என்றால் ஒரு கேள்வியும் கேட்க முடியாது. சாமி கொடுத்தது என்று ஊர் வாயை மூடுகிறது, காளி கொடுத்தது என்று சட்டம் வாயை மூடுகிறது. முகம் தெரியாதவனின் பிள்ளைக்குக் கிடைக்கிற உறுதி, சொந்தத்தில் தாரை வார்த்து வாங்கிய பிள்ளைக்குக் கிடையாது.

சீராயியும் முத்துவும் சட்டப் புத்தகம் படித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. காடு தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு எந்தச் சான்று நிற்கும், எது நிற்காது என்பது பட்டுத் தெரிந்த விஷயம். நாவலில் எல்லோரும் தத்தைத் தாண்டி நேராகப் பதினாலாம் நாளுக்குப் போவது ஆசிரியர் விட்ட ஓட்டை என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை. நிலத்தின் தர்க்கத்தை அவர் சரியாகப் பிடித்திருக்கிறார். 2014-ல் வந்த இரண்டு தொடர்ச்சிகளையும் இப்படிப் படித்தால் இன்னும் தெளியும். ‘ஆலவாய’னில் காளி செத்துவிடுகிறான், ‘அர்த்தநாரி’யில் உயிரோடு இருக்கிறான். கதை இரண்டாகப் பிரிகிறது. சட்டத்தின் கண்ணில் இரண்டிலும் பிள்ளை காளியுடையதுதான், காடும் பிள்ளைக்குத்தான். மாறுவது பொன்னாவின் வாழ்க்கை மட்டும்.

ஒரு மறுப்பை நானே சொல்லிக்கொள்ள வேண்டும். பொன்னா கேட்டது வாரிசு இல்லை, பிள்ளை. மடியில் தூக்கி வைத்துக்கொள்ள ஒன்று. அந்த ஏக்கத்தைச் சொத்துக் கணக்காகச் சுருக்கினால் நாவல் செத்துவிடும். இன்னொரு பக்கம், காளியும் நிலத்தின் கணக்குக்கு உடன்படவில்லை. இரண்டாம் கல்யாணம் செய்திருந்தால் நிலத்தின் பிரச்சினை அப்போதே தீர்ந்திருக்கும். கல்யாணமே பண்ணாமல் தன் இஷ்டத்துக்கு வாழ்கிற நல்லுப்பையன் சித்தப்பாவும் அங்கேதான் இருக்கிறார், வாரிசு இல்லாமலும் வாழலாம் என்பதற்கு நடமாடும் உதாரணமாக. தொண்டுப்பட்டியில் அந்த இரண்டு பேரையும் சும்மா விட்டிருந்தால் சந்தோஷமாகவே இருந்திருப்பார்கள். காடு அவர்களைச் சும்மா விடவில்லை. நாவலின் துக்கம் எனக்கு இந்த இடத்தில்தான் இருக்கிறது.

வெர்ஷன் 2, வெர்ஷன் 3

1956-ல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஜூனில் இந்து வாரிசுரிமைச் சட்டம், டிசம்பரில் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம். விதவையின் ஆயுட்கால உரிமை முழு உரிமையாக மாறியது. பங்காளி சம்மதம் ஒழிந்தது. விதவையும் கல்யாணமாகாத பெண்ணும் தன் பெயரிலேயே தத்தெடுக்கலாம் என்றானது. கணவன் தத்தெடுக்க மனைவியின் சம்மதம் கட்டாயமானது. பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்று முதல் முறையாக எழுதினார்கள்.

கடைசி வரியைச் சேலத்துக்காரன் சும்மா கடந்து போக முடியாது. 1992-ல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்கியது, பெண் சிசுக்கொலை இங்கே அவ்வளவு இருந்ததால். பையனைத் தத்தெடுக்க ஓராயிரம் வருஷத்துக்கு விதி எழுதிய சமூகம், பெண்ணைத் தத்தெடுக்கலாம் என்று எழுத 1956 வரை காத்திருந்தது. எழுதி 36 வருஷம் கழித்து, கொல்லாதீர்கள், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசாங்கம் கெஞ்ச வேண்டியிருந்தது. வாரிசு ஆகாது என்று நிலம் நினைத்த குழந்தைகள்தான் அந்தத் தொட்டிலுக்கு வந்தன.

1956 சட்டத்திலும் கல்யாணமாகி, கணவன் உயிரோடு இருக்கிற பெண் தானாகத் தத்தெடுக்க முடியாது. நாவலில் இருக்கிற பொன்னா அப்படிப்பட்டவள்தான். அவளுக்கு அந்த உரிமை கணவன் சம்மதத்தோடு வந்தது 2010-ல், தனிநபர் சட்டங்கள் திருத்தச் சட்டத்தில். நாவல் வந்த அதே வருஷம். தற்செயல்தான், ஆனாலும் எனக்கு மறக்கவில்லை.

ஆக மூன்றாவது வெர்ஷனில் பொன்னாவுக்கு உரிமை எல்லாம் கிடைத்துவிட்டது. கிடைக்காதது ஒன்றுதான், 112-வது பிரிவு பெற்ற பிள்ளைக்குக் கொடுத்த உறுதி. 1959-ல் கிஷோரி லால் எதிர் சால்திபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் எடுத்தாளப்படுகிறது. தத்து என்பது சொத்து போகிற பாதையையே மாற்றுகிறது, அதனால் தத்து நடந்தது என்று சொல்கிறவர் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும். வாதம் சரிதான். பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால், மூன்று வயதில் கை மாறிய குழந்தை ஐம்பது வயதில் தன் கைமாற்றத்துக்குச் சாட்சி தேட வேண்டும்.

பெரியப்பா காடு

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் குழந்தை இல்லை. பெரியம்மாவின் தங்கைக்கு மூன்று பையன்கள். நடுப் பையனை, மூன்று வயதில், மாரியம்மன் நோம்பி அன்றைக்குத் தங்கை கூட்டிவந்து பெரியம்மா மடியில் உட்கார வைத்தாராம். அன்றிலிருந்து அவர் எங்கள் அண்ணன். பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் பெரியப்பா பெயர். ரேஷன் கார்டில் வளர்ப்பு மகன். நேஷனல் பர்மிட் லாரி ஓட்டினார். வாடகை முடிந்து எத்தனை மணிக்கு வந்தாலும் பெரியம்மா எழுந்து சுடுதண்ணி வைப்பார், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த அம்மா பிள்ளை உறவு.

2006-ல் பெரியப்பா போனார். கொள்ளி வைத்தது அண்ணன். உயில் இல்லை, தத்துப் பத்திரம் இல்லை. 3 ஏக்கர் 75 சென்ட் காடு பெரியம்மா பெயருக்கு மாறியது. அதுவரை சிக்கல் ஒன்றும் தெரியவில்லை. 2014-ல் பெரியம்மா போனார். அதற்கும் கொள்ளி அண்ணன்தான். அவரும் ஒரு காகிதமும் எழுதி வைக்கவில்லை. ஏன் எழுத வேண்டும்? பெற்ற மகனுக்கு யாராவது எழுதி வைப்பார்களா என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவு, இரண்டாம் உட்பிரிவு. பெண்ணுக்குக் கணவன் வழியில் வந்த சொத்து, அவளுக்குப் பிள்ளைகள் இல்லாவிட்டால், கணவனின் வாரிசுகளுக்குப் போகும். அப்பன் வழியில் வந்தது என்றால் அப்பனின் வாரிசுகளுக்குத் திரும்பும். நிலத்துக்கு ஞாபகசக்தி கொடுக்கிற பிரிவு இது. அவள் கையில் எத்தனை வருஷம் இருந்தாலும், எழுதி வைக்காமல் செத்தால், எங்கிருந்து வந்ததோ அங்கே போய்விடும். பெரியப்பாவின் வாரிசுகள் யார்? தம்பிகள், தங்கச்சி. எங்கள் அப்பா, சித்தப்பா, அத்தை. ஆளுக்கு 1 ஏக்கர் 25 சென்ட்.

அண்ணன் ஒரு வக்கீலைப் பார்த்தார். தத்து செல்ல எழுத்து கட்டாயமில்லை, கொடுத்ததும் வாங்கியதும் நடந்திருந்தால் போதும், அதை யார் பார்த்தது என்று வக்கீல் கேட்டிருக்கிறார். கொடுத்த அம்மா செத்துவிட்டார், வாங்கியவர்கள் செத்துவிட்டார்கள், நோம்பிக்கு வந்திருந்த பெரியவர்கள் செத்துவிட்டார்கள். உயிரோடு இருந்து பார்த்த சாட்சிகள் மூன்றே பேர். எங்கள் அப்பா, சித்தப்பா, அத்தை.

அண்ணன் வழக்குப் போடவில்லை. “விடுங்க சித்தப்பா, அவங்களே போய்ட்டாங்க” என்று சொல்லிவிட்டு லாரிக்குப் போய்விட்டார். தாசில்தார் ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டா மாறியது. அந்த மனுவை ஆன்லைனில் ஏற்றிக் கொடுத்தது நான். சந்தோஷமாகவே செய்தேன். அப்போது எனக்கு 15-வது பிரிவும் தெரியாது, 112-வது பிரிவும் தெரியாது. பங்காளி என்கிற வார்த்தையில் நானும் இருக்கிறேன் என்பதும் தெரியாது. மாதொருபாகனை முதல் தடவை படித்தபோது பொன்னாவுக்காக வருத்தப்பட்டேன். மூன்றாவது தடவை படிக்கும்போது, அவளைப் பார்த்துச் சொத்து யாருக்கு என்று கேட்கிற கூட்டத்தில் என் முகமும் தெரிந்தது.

ராசிபுரத்தில் விலை போனது

2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் ஒரு ஆடியோ வெளியானது நினைவிருக்கும். முன்னாள் நர்ஸ் ஒருவர் போனில் குழந்தை விலை பேசுகிறார். ஆணுக்கு ஒரு ரேட், பெண்ணுக்கு ஒரு ரேட், நிறத்துக்கு ஏற்ற மாதிரி ஏற்ற இறக்கம். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. எல்லோரும் அந்த விலையைக் கேட்டு அதிர்ந்தோம். இப்போது யோசித்தால் அந்தப் பேச்சில் முக்கியமான வரி வேறு. பிறப்புச் சான்றிதழுக்குத் தனியாகப் பணம். வாங்குகிறவர்களையே பெற்றவர்களாகக் காட்டுகிற சான்றிதழ்.

தத்துக்காகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் 1956 சட்டத்தின் 17-வது பிரிவின்படியே குற்றம். குழந்தை வியாபாரத்துக்கு அதைவிடப் பெரிய தண்டனைகளும் உண்டு. சட்டப்படியான வழியும் திறந்தே இருக்கிறது. மத்தியத் தத்து ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிந்து காத்திருந்தால், 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டரே உத்தரவு போடுகிறார். அந்தச் சட்டத்தின் 63-வது பிரிவு தத்துப் பிள்ளையை வாரிசுரிமை உட்பட எல்லாவற்றுக்கும் பெற்ற பிள்ளையாகவே ஆக்குகிறது. காத்திருப்பு வருஷக்கணக்கில் ஆகும் என்பது உண்மை. பொறுமை இல்லாததால் மட்டும் ஜனங்கள் புரோக்கரிடம் போவதாக நான் நினைக்கவில்லை. பங்காளி கேள்வி கேட்க முடியாத பிள்ளை வேண்டும். தத்து என்ற எழுத்தே எந்தக் காகிதத்திலும் இருக்கக் கூடாது. பதினாலாம் நாள் இரவு கொடுத்த உறுதியை இந்தக் காலத்தில் ஒரு பொய்யான பிறப்புச் சான்றிதழில் தேடுகிறார்கள். பொய்ச் சான்றிதழ் அந்த உறுதியைத் தராது. ஒரு நாள் உடையும், உடையும்போது தண்டனை பிள்ளைக்கும்தான்.

எழுதி வைக்காத காட்டுக்கு எத்தனை வருஷம் ஆகும் என்பதற்கு ஒரு வழக்கு போதும். அருணாச்சல கவுண்டர் எதிர் பொன்னுசாமி. நம் தமிழ்நாட்டு வழக்கு. அப்பா தன் சொந்தப் பணத்தில் 1938-ல் கோர்ட் ஏலத்தில் எடுத்த நிலம். 1956-க்கு முன்பே அவர் உயில் எழுதாமல் இறந்தார், ஒரே மகள். மகள் 1967-ல் பிள்ளையில்லாமல், அவரும் எழுதி வைக்காமல் இறந்தார். 1991-ல் வழக்கு. விசாரணை நீதிமன்றம் 1994-ல் தள்ளியது, உயர் நீதிமன்றம் 2009-ல் தள்ளியது. 2022 ஜனவரி 20-ம் தேதி உச்ச நீதிமன்றம் மாற்றிச் சொன்னது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, 1956-க்கு முன்பேகூட, சகோதரர் மகனுக்குப் போகாது, மகளுக்குத்தான். மகள் இறந்த பிறகு 15-வது பிரிவின்படி அப்பா வழி வாரிசுகளுக்கு, அதில் பெண்களுக்கும் சம பங்கு. பெண்களுக்கு நல்ல தீர்ப்பு என்று பத்திரிகைகள் எழுதின. நல்ல தீர்ப்புதான். வழக்குப் போட்டு 31 வருஷம், அந்த மகள் இறந்து 55 வருஷம். தன் காட்டை யாருக்குக் கொடுக்க ஆசைப்பட்டிருப்பார் என்று அவரிடம் கேட்டு ஒரு வரி எழுதி வாங்க, உயிரோடு இருந்தபோது, ஒரு மத்தியானம் போதும்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான்

சொந்தத்தில் பிள்ளையை எடுத்து வளர்க்கிறவர்கள் இன்றும் நம் பக்கம் நிறைய. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். பிள்ளைக்குப் பதினைந்து வயது ஆவதற்குள், கொடுக்கிற பெற்றோரும் எடுக்கிற பெற்றோரும் நாலு பேர் முன்னிலையில் கொடுத்து வாங்கி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, சார்பதிவாளர் ஆபீசில் தத்துப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். அப்படிப் பதிந்தால் 16-வது பிரிவின்படி தத்து முறையாக நடந்தது என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கிற வேலை பங்காளியுடையதாகிவிடும். ஏற்கெனவே மகன் இருந்தால் இன்னொரு பையனைத் தத்தெடுக்க முடியாது, மகளுக்கும் அப்படியே. பதினைந்து தாண்டிவிட்டதா? உயிலோ செட்டில்மெண்ட் பத்திரமோ எழுதுங்கள். உயிலில் வளர்ப்பு மகன் என்று மட்டும் எழுதாமல் பெயர், பெற்றவர் பெயர், சர்வே நம்பர் எல்லாம் தெளிவாக வரட்டும். பேங்கில் நாமினி போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்காதீர்கள், நாமினி பணத்தை வாங்கிக்கொடுக்கிற ஆள்தான், வாரிசு இல்லை. எழுதுவதற்கு முன் உங்கள் ஊர் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

பொங்கல் அன்றைக்கு அப்பாவிடம் பேச்சை எடுத்தேன். நம் பங்கு 1 ஏக்கர் 25 சென்டை அண்ணன் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடலாம், எனக்கும் தங்கச்சிக்கும் சம்மதம் என்றேன். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. “நான் ஒண்ணும் திருடிக்கிலியே. கவர்மெண்டு குடுத்துச்சு” என்றார். அது உண்மை, அதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

பிறகு பத்திர எழுத்தரிடம் விசாரித்தேன். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. வெளியாள் என்றால் 7 சதவீதம். குடும்பம் என்றால் யார் யார் என்று பட்டியல் இருக்கிறது. அண்ணன் அதில் வரமாட்டார். எங்கள் வீட்டில் இரண்டு கொள்ளி வைத்தவர் எங்கள் குடும்பம் இல்லை என்பதற்கு இன்னொரு காகிதம்.

7 சதவீதம் கட்டிவிடலாம் என்று வரைவு எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். அப்பா படித்துப் பார்த்தார், ஒரு சர்வே நம்பர் தப்பாக இருந்ததைத் திருத்திக் கொடுத்தார். கையெழுத்து இன்னும் போடவில்லை. மாரியம்மன் நோம்பி கழியட்டும் என்கிறார். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் பக்கம் போயிருக்கிறார்.